மக்கட்பேறும் கணவன் பொறுப்பும்

மணமாகி ஓராண்டு கழிந்தும் பிள்ளைப்பேறு வாய்க்காத வீடுகளில் முதன்முதலாக மாறுவது மனைவியின் உணவுதான். அவளுக்குக் கோப்பி கூடாது, பப்பாளி ஆகாது, அன்னாசி ஆகவே ஆகாது. ஓதிய தண்ணீரும் கஷாயமும் அவளுக்கே. கணவரோ கடை திறக்குமுன் ஒரு கோப்பி, சரக்கு இறங்கும்போது ஒன்று, வாடிக்கையாளரோடு பேசுகையில் ஒன்று எனக் கணக்கின்றிக் குடித்து, இடையிடையே சிகரெட்டும் பிடித்து, நள்ளிரவில் கல்லாவை எண்ணி முடித்து வீடு திரும்புகிறார். இந்த ஏற்பாட்டில் நீதி இருக்கிறதா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

கோப்பியின் மீதான வழக்கு நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. 15-ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ரில் கண்விழித்திருக்க அதனைப் பருகினர். 1511-இல் மக்காவில் அதிகாரம் செலுத்திய காயிர் பேக் அதற்குத் தடை விதித்தார். தடை நெடுநாள் நிற்கவில்லை. ஆகவே இன்று நம் முன்னுள்ளது ஹலாலா ஹராமா என்னும் கேள்வியன்று, அளவு பற்றிய கேள்வி. கர்ப்பிணியும் கருத்தரிக்க விரும்பும் பெண்ணும் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கஃபீனுக்கு மேல் கொள்ளாதிருப்பது நல்லது என்பது மருத்துவர் பலரின் அறிவுரை. சாதாரணக் கோப்பி ஒரு கோப்பையில் சுமார் 100 மில்லிகிராம் இருக்கும். தேநீரில் அதில் பாதியளவு. நம் நாட்டுக் கோப்பிக் கடைகளில் பெரும்பாலும் ரொபஸ்டாக் கொட்டையே பயன்படுகிறது. அதில் அராபிகாவைவிட ஏறக்குறைய இரு மடங்கு கஃபீன் உண்டு. எனவே ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்வது புத்தி. அளவோடு குடிக்கும் கோப்பி கருத்தரிப்பைத் தடுப்பதாக உறுதியான சான்று ஏதுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு கோப்பையையும் பறித்து அவளைக் குற்றவாளிபோல் நடத்துவது மருத்துவமுமன்று, மார்க்கமுமன்று.

மனைவி உண்மையில் செய்யவேண்டியது வேறொன்று. ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், கருத்தரிக்கும் முன்பிருந்தே உட்கொள்ளவேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டுக்குரிய நரம்புக் குழாய் கருவுற்ற முதல் நான்கு வாரங்களுக்குள்ளேயே மூடிக்கொள்கிறது. அவ்வேளையில் தான் கர்ப்பிணி என்பதே பல பெண்களுக்குத் தெரிந்திராது. நேர்ச்சைக்குச் செலவிடும் வீடுகளில் இந்தச் சில காசு மாத்திரை வாங்கப்படாதிருப்பது வியப்பே.

இனி கணவரின் பங்கு. பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்தணு உருவாகி முதிர்வதற்குச் சுமார் இரண்டரை மாதம் பிடிக்கும். இன்று கடையில் விற்கும் சரக்கு முன்பே கொள்முதல் செய்ததுதானே! அதுபோல, இன்று சிகரெட்டை விட்டால் அதன் பலன் மூன்று மாதம் சென்றே தெரியும். புகை அவரோடு நின்றுவிடுவதுமில்லை. வீட்டில் மனைவியின் மூச்சிலும் கலக்கிறது. டின்பால் தேநீரும் நள்ளிரவுப் பரோட்டாவும் வளர்க்கும் உடற்பருமனும் நீரிழிவும் தனிக்கதை. மனைவிக்குப் பல சோதனைகள். கணவருக்கு முதலில் வேண்டியது ஒரேயொரு எளிய விந்துப் பரிசோதனை. அதற்குத்தான் நம்மவருக்கு வராத கூச்சமெல்லாம் வருகிறது. ‘மலடன்’ என்ற சொல் அகராதியில் உண்டு. எந்தத் தெருவில் அதைக் கேட்டிருக்கிறோம்? ‘மலடி’ என்பதைக் கேளாதார் யார்?

சபர் வாழ்க்கை வாழ்ந்த நம் முன்னோர் காலத்தில் கணவர் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். மனைவி ஊரில் இருப்பாள். சில ஆண்டுகளுக்கொருமுறை சில மாதம் ஊர் சென்று வருவார். அப்போதும் பிள்ளையில்லாத பழி அவள் தலையிலேயே விழுந்தது. கடல் குறுக்கே கிடந்ததை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

“எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், பத்தியம் எதற்கு?” என்பார் உளர். பெண்மக்களைத் தருவதும் ஆண்மக்களைத் தருவதும் ஒன்றுமே தராதிருப்பதும் அவன் நாட்டமே என்று ஷூரா அத்தியாயம் தெளிவாக்குகிறது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ரிஸ்கும் அவனிடமிருந்தே வருகிறது என்று நம்பும் வியாபாரி, கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வதில்லையே! சரக்கு வாங்குகிறார், விலை விசாரிக்கிறார், பிறகே தவக்குல் வைக்கிறார். கல்லாவுக்கு ஒரு தவக்குல், குடும்பத்துக்கு வேறொரு தவக்குலா?

மறுபுறமும் ஒரு தவறு உண்டு. முயற்சி செய்தவர் பிள்ளையைக் கூலிபோல் எதிர்பார்ப்பதும், வராவிட்டால் யாரோ பிழை செய்தார் என்று தேடுவதும் முறையன்று. கரு கலைந்த வீட்டில் “என்ன தின்றாய்?” என்று கேட்பவர்கள் ஒன்றை அறியவேண்டும்: தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் சுமார் பாதி, குரோமோசோம் கோளாறால் கலைபவை. அதற்கும் அவள் தின்ற பழத்திற்கும் தொடர்பில்லை.

எல்லாம் செய்தும் பிள்ளை வாய்க்காத சகோதரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கல்யாண விருந்துகளில் அவர்களிடம் “விசேஷம் உண்டா?” என்று விசாரிப்பதை நாம் நிறுத்திக்கொள்ளலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தம் சகோதரி அஸ்மாவின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் ‘உம்மு அப்துல்லாஹ்’ என்று அழைக்கப்பட அவர்களுக்கு இடமளித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்களே.