சருகை ஒதுக்கிப் பார்!

"பின்புலம் இல்லை, பணம் இல்லை, கைதூக்கிவிட ஆளில்லை" என்று இன்னும் எத்தனை நாள் புலம்பப் போகிறாய்? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காட்டில் பிறந்து, இன்று அங்கே வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் மக்கடேமியா என்ற கொட்டை மரத்திடம் போ. அண்ணாந்து பார்க்காதே. காலடிச் சருகை ஒதுக்கிப் பார்.

மண்ணின் மேல்மட்டத்திலேயே, பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி, மெல்லிய வேர்கள் கொத்துக்கொத்தாக அடர்ந்திருக்கும். அதன் தாய்மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு. இருக்கிற கொஞ்சமும் மண்ணோடு இறுகிக் கிடக்கும். இந்தக் கொத்துவேர்கள் அமிலத்தைச் சுரந்து, இறுகியதைக் கரைத்து, உறிஞ்சி எடுத்துக்கொள்கின்றன. எவன் ஊட்டினான் அதற்கு? பாசம் பொங்கி சூப்பர் பாஸ்பேட் உரத்தை அள்ளிக் கொட்டிப் பார், இலை வெளுத்துப்போகும்! சலுகைக்கு வரிசையில் நிற்பவனே, இதைக் கேட்டுக்கொள்.

நாலு நேர்காணலில் நிராகரித்துவிட்டார்களாம், கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாயாம்! இந்த மரத்தில் தொங்கும் ஒரு பூச்சரத்தில் 100 முதல் 300 பூக்கள். காயாக நிலைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனாலும் அடுத்த பருவத்தில் மறுபடி சரம்சரமாகப் பூக்கிறது.

விதை போட்டால் காய்க்க ஏழெட்டு வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஒட்டுக்கன்று நாலைந்து வருடத்தில் காய்க்கத் தொடங்கும். நான் ஒட்டுக்கன்றைத்தான் வாங்கச் சொல்வேன். குறுக்குவழி நேர்மையானதாக இருந்தால் அதில் போவதற்கு என்ன வெட்கம்? பிரிஸ்பேன் தாவரவியல் பூங்காவில் வால்டர் ஹில் என்பவர் 1858-ல் நட்ட மக்கடேமியா மரம் இன்றும் நிற்கிறது. வயதாகிவிட்டது என்று முப்பதிலேயே முனகுகிறாயே நீ!

பலவீனம் அதற்கும் உண்டு. வேர் ஆழம் போகாது, பலத்த காற்றில் சாய்ந்துவிடும். ஆகவே இளங்கன்றுக்குக் காற்றுத் தடுப்பு வேண்டும். உனக்கும் நாலு நல்ல நண்பர்கள் வேண்டும். அவர்கள் துணையைக் கேட்டு வாங்கத் தயங்காதே.

முற்றிய காயை யாரும் ஏறிப் பறிப்பதில்லை, தானாகவே உதிரும். ஆனால் குனிந்து பொறுக்கியாக வேண்டும், அதுவும் எலி வருவதற்கு முன்னால். பச்சைத் தோலை ஒரு நாளுக்குள் உரித்து, கொட்டையைக் காற்றோட்டமாக உலர்த்த வேண்டும். உள்ளே பருப்பில் எழுபது சதவீதத்துக்கு மேல் எண்ணெய்ச் சத்து. வெளியே சாதாரணப் பாக்குவெட்டிக்கு மசியாத ஓடு. சுத்தியலைத் தேடி எடு, உட்கார்!