பழைய கருவியும் செய்தவர் கடமையும்

கொத்மலைச் சமூக வானொலி 1989இல் தோன்றியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையோடு இணைய இணைப்புப் பெற்ற அந்நிலையம், நேயர்களின் வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி வானலை வழியே வழங்கிற்று. நேயரிடம் இருக்கவேண்டியது ஒரு வானொலிப் பெட்டி மட்டுமே. அது பழுதுற்றால் நாவலப்பிட்டியிலோ கம்பளையிலோ திருத்திக் கொள்ளலாம். செய்த நிறுவனத்தின் இசைவு வேண்டியதில்லை. இன்று அவ்விடத்தைப் பெற்றுள்ள கையடக்கத் தொலைபேசியின் நிலை வேறு. உடைந்த திரையை எவரும் மாற்றலாம். ஆனால் உள்ளே பதிந்துள்ள மென்பொருளின் வழுவை, பெரும்பாலான கருவிகளில், செய்தவரே நீக்கவேண்டும்; பிறர் கைவைக்காதவாறு அது பூட்டப்பட்டுள்ளது.

எவ்வழு முதலில் நீக்கப்படுகிறது? கேட்டின் கடுமை, பாதிக்கப்படுவோர் தொகை, கருவியின் வயது ஆகிய மூன்றும் நிறுத்துப் பார்க்கப்படுகின்றன. 2018 பெப்ரவரியில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்துத் திரையில் தோன்றிய மாத்திரத்தில் ஐபோன் செயலிகள் நிலைகுலைந்தன. சில நாள்களிலேயே, அம்மாதம் 19ஆம் திகதி, ஆப்பிள் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. அவ்வெழுத்தை எவரும் எவருக்கும் அனுப்பலாம். எனவே தெலுங்கு அறியாதோரும் பாதிக்கப்பட்டனர். தெலுங்கு வாசிப்போரை மட்டும் அது வருத்தியிருப்பின் அதே விரைவு இருந்திருக்குமா என்பது ஐயத்திற்குரியதே.

உழைப்பும் காலமும் எல்லையுடையவை. உள்ளிருக்கும் சில்லைச் செய்தவர் ஆதரவை நிறுத்தினால் தொலைபேசி நிறுவனமும் தடுமாறும். இவ்வாதத்தில் உண்மை உண்டு. எனினும் விண்டோஸ் எக்ஸ்பியின் வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. அதற்கான பொது ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. தனிக் கட்டணம் செலுத்திய நிறுவனங்களுக்கோ திருத்தங்கள் தொடர்ந்தன. 2017 மே மாதத்தில் வன்னாகிரை என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியபோது, மைக்ரோசொப்ட் எக்ஸ்பிக்கும் திருத்தத்தை இலவசமாக வெளியிட்டது. இயலாமை வேறு, விருப்பமின்மை வேறு என்பது அன்று வெளிப்பட்டது.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொலைபேசியே வகுப்பறையாயிற்று. 2022இல் ரூபாயின் மதிப்புச் சரிந்து, ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் 350 ரூபாயைக் கடந்தபின், புதியது வாங்குதல் தோட்டத் தொழிலாளிக்கு எளிதன்று. லயத்தில் தந்தையின் பழைய கருவி மகளின் கைக்கு வருகிறது. நிறுவனத்தின் கணக்கில் அது குறைந்துவரும் ஒரு தொகையின் சிறுகூறு. அவ்வீட்டிலோ வேறு கருவியே இல்லை. தலைகளை எண்ணும் முறை, ஒருவர் ஒன்றை எவ்வளவு சார்ந்திருக்கிறார் என்பதை அளப்பதில்லை.

விற்றவுடன் கடமை தீர்ந்தது எனக் கூறும் உரிமை வானொலிப் பெட்டி செய்தவனுக்கு ஓரளவு உண்டு. திருத்தும் வழியை அவன் பிறருக்கு அடைக்கவில்லை. பூட்டைத் தன் கையில் வைத்திருப்பவன் அவ்வாறு கூறுதல் பொருந்தாது. அவன் திருத்தட்டும், அன்றேல் பூட்டைத் திறந்துவிடட்டும்.

2025 யூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியம், ஒரு கைப்பேசி மாதிரியின் விற்பனை முடிந்தபின்னும் குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு மென்பொருள் மேம்பாடுகளை வழங்கும்படி விதித்துள்ளது. விதி அங்குள்ள சந்தைக்குரியது. கொத்மலையில் இரண்டாம் கையாக வாங்கப்படும் கருவிக்கு அவ்வாண்டுகளுள் எத்தனை எஞ்சியிருக்கும் என்பதை விற்பவரும் சொல்வதில்லை, பெட்டியிலும் எழுதியிருப்பதில்லை.