நனையக் கூடாத ஒன்று

சின்னக் காரில் டென்ட்டை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு முதல் வாக்குவாதம் வீட்டு வாசலிலேயே நடந்துவிடும். ஆல்ட்டோ 800-இன் டிக்கி 177 லிட்டர். டென்ட், ஸ்லீப்பிங் பேக், தரைக்குத் தார்ப்பாய், கேஸ் அடுப்பு, பாத்திரம், அரிசி பருப்பு எல்லாம் வைத்தால் டிக்கிக் கதவு மூடாது. ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். மடக்கு நாற்காலி போகும். மகளின் பெரிய தலையணை போகும். நான் படிக்க எடுத்து வைத்த புத்தகங்களில் ஒன்றுதான் மிஞ்சும். பெரிய வண்டியாக இருந்தால் இந்தப் பேச்சே எழாது. முதியவர்களும் கைக்குழந்தையும் உள்ள வீட்டுக்குப் பெரிய வண்டி தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒரு குடும்பம் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசுகிற சந்தர்ப்பம் அரிதாகிவிட்டது. சின்ன டிக்கி அந்தப் பேச்சைப் பேச வைக்கிறது.

இடம் போதாமை கேட்கிற கேள்வி அது. மழை கேட்பது வேறு கேள்வி, அதைவிடக் கடினமானது.

நாங்கள் பெரும்பாலும் போவது கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம். வத்தலக்குண்டிலிருந்து மலையேறி, கொடைக்கானல் ஊரையும் தாண்டி இன்னும் உள்ளே போக வேண்டும். வனத்துறை நிலத்தில் நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது, கூடத்தான் வேண்டும். அதனால் தெரிந்த விவசாயி ஒருவரின் பட்டா நிலத்தில், அவர்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் தங்குவோம். ஐப்பசியில் போனால் மழைக்குத் தயாராகத்தான் போக வேண்டும். சாதாரண மழையைச் சொல்கிறேன். கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் மலைச்சரிவில் டென்ட் போடுவதைத் துணிச்சல் என்று யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் என்ன ஆயின என்று பார்த்த பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

போன முறை இடம் தேடிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு அம்மா வந்து கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். "அந்தப் பள்ளத்துல வேணாம் தம்பி. பாக்க மெத்துன்னு இருக்கும். ராத்திரி தண்ணி பூராவும் அங்கதான் வந்து நிக்கும். மேல வாங்க." மேலே கல்லும் கரடுமாக இருந்தது. அங்கேதான் போட்டோம்.

மழையில் டென்ட் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல டென்ட்டுக்கு இரண்டு துணி. வெளித்துணி மழையைத் தாங்கும், உள்துணி மூச்சுவிடும். இரண்டும் ஒட்டாமல் நடுவே காற்று ஓட வேண்டும். நைலான் துணி ஈரத்தில் தளரும், தளர்ந்தால் வெளித்துணி தொய்ந்து உள்துணியைத் தொடும், தொட்ட இடத்தில் நீர் இறங்கும். அதனால் மழை தொடங்கிச் சிறிது நேரத்தில் வெளியே போய்க் கயிறுகளை இன்னொரு முறை இழுத்துக் கட்ட வேண்டும். அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்ட்டின் தரையைவிடச் சற்றுச் சிறிதாக இருக்க வேண்டும். ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் மழைத் தண்ணீரை வாங்கி நமக்கு அடியிலேயே கொண்டுவந்து சேர்த்துவிடும். இத்தனையும் சரியாகச் செய்தாலும் விடியற்காலையில் மேலேயிருந்து முகத்தில் ஒரு சொட்டு விழும். அது ஒழுகல் அல்ல. உள்ளே படுத்திருக்கிறவர்கள் இரவெல்லாம் விட்ட மூச்சு, குளிர்ந்த துணியில் பட்டு நீராகி இறங்குவது. குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் மூடினால் அந்த நீர் இன்னும் கூடும்.

ஆக, மழையில் எதுவுமே நனையாமல் இருக்க முடியாது. ஷூ நனையும், பை நனையும், தீப்பெட்டி நமுத்துப்போகும். காரின் கண்ணாடி உள்பக்கம் பனித்துப்போகும், மிதியடியில் சேறு அப்பும். எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்க்கிறவர் கொஞ்ச நேரத்தில் எதையும் காப்பாற்ற முடியாமல் நிற்பார். மழையில் தங்கிப் பழகியவர்கள் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: ஆளுக்கு ஒரு செட் துணி, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி, இரவுக்கென்று தனியாக இருக்க வேண்டும். பகலில் என்ன நேர்ந்தாலும் அதைத் தொடக் கூடாது.

இந்த விதிக்கு உடம்பு சார்ந்த காரணம் உண்டு. மன்னவனூர் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். ஐப்பசி இரவில் அங்கே ஈரத் துணியோடு தூங்குவது விளையாட்டல்ல. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை இருபது மடங்குக்கும் மேல் வேகமாக எடுத்துக்கொண்டு போகும். சமவெளியில் நமக்கு இதமான பருத்தி, அங்கே நனைந்தால் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். கம்பளி அப்படி இல்லை, ஈரத்திலும் கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைக்கும். மன்னவனூரிலேயே மத்திய செம்மறியாடு, உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அந்தக் குளிரும் புல்வெளியும் கம்பளி ஆட்டுக்கு ஒத்துவருகின்றன.

விதியின் கடினமான பாதி இரவில் இல்லை, மறுநாள் காலையில் இருக்கிறது. இரவு உலர்ந்த துணிக்குள் புகுந்துகொள்வது எல்லோருக்கும் சுலபம். காலையில் அதைக் கழற்றி மடித்து உறைக்குள் கட்டிவிட்டு, மூலையில் சுருட்டிப் போட்ட நேற்றைய ஈரப் பேன்ட்டை எடுத்து மாட்ட வேண்டும். அது முழங்காலுக்கு மேல் ஏறவே ஏறாது. உடம்பு சிலிர்க்கும், பல் கிட்டிக்கும். வெளியே இன்னும் தூறிக்கொண்டிருக்கும். என் மகள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காஞ்சது இதுலதானே இருக்கு? இதையே போட்டுக்கிறேனே அம்மா."

"அது ராத்திரிக்குடி கண்ணு."

"ராத்திரி வர்றப்ப பாத்துக்கலாமே."

என் மனைவி பதில் சொல்லாமல் தன் ஈரச் சுடிதாரை உதறி மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மகளும் மாட்டினாள். நடக்கத் தொடங்கிய பிறகு உடம்புச் சூட்டில் அந்த ஈரம் பழகிப்போய்விட்டது.

'ராத்திரி வர்றப்ப பாத்துக்கலாம்' என்பதில்தான் பலருடைய வாழ்க்கை நனைந்துபோகிறது என்று நினைக்கிறேன். கஷ்டம் வரும்போது, கடைசிக்கென்று ஒதுக்கி வைத்ததை முதல் அசௌகரியத்திலேயே எடுத்துவிடுகிறோம். பிள்ளை படிப்புக்கென்று போட்ட சேமிப்பு, ஒரு பண்டிகைச் செலவுக்கே உடைகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கென்று இருந்தது, அலுவலக போனில் கரைகிறது. உடைக்கும் ஒவ்வொரு தடவையும் காரணம் நியாயமாகத்தான் இருக்கும். கடைசியில் உண்மையான இரவு வரும்போது பையில் காய்ந்தது ஒன்றும் இருக்காது.

என் அம்மாவைச் சொல்ல வேண்டும். அப்பா பக்கவாதத்தில் படுத்த பிறகு எங்கள் வீட்டில் நனையாத இடம் இல்லை. பணம், தூக்கம், உறவு எல்லாவற்றிலும் ஈரம் இறங்கிவிட்டது. அம்மா ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் அப்பாவின் அறையில் நோய், மருந்துச் சீட்டு, கடன் எதைப் பற்றியும் யாரும் வாய் திறக்கக் கூடாது. ரேடியோவில் பழைய பாட்டு ஓடும். அம்மா அப்பாவின் கால்களுக்குத் தைலம் தேய்த்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். ஒரு நாள் கடன் கொடுத்தவர் ஒன்பதரைக்கு வந்து நின்றார். "காலையில வாங்கண்ணே, எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க, நான் கேட்டுக்கறேன்" என்று அம்மா அவரை வாசலிலேயே அனுப்பி வைத்தார். மறுநாள் காலை அவர் பேசியதையெல்லாம் நின்று கேட்டுக்கொள்ளவும் செய்தார். காலையில் அந்த ஈரத்தை உடுத்திக்கொள்ள அம்மா தயாராக இருந்ததால்தான், இரவின் அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கு உலர்ந்து கிடைத்தது.

பூம்பாறையில் அந்த விவசாயி வீட்டு அடுக்களைக்குள் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்தபோது அண்ணாந்து பார்த்தேன். அடுப்புக்கு மேலே உத்தரத்தில் கொத்துக் கொத்தாகப் பூண்டு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். புகை படிந்து தாள்கள் பழுப்பேறியிருந்தன. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த மலைப்பூண்டு அது. விதைக்கென்று எடுத்து வைத்தது. தாழ்வாரத்தில் இரண்டு இடங்களில் ஒழுகி, கீழே பாத்திரம் வைத்திருந்தார்கள். சரி செய்யக் கூடாதா என்று கேட்டேன். "செய்யணும் தம்பி. மழ விடட்டும். ஒழுகுனா சட்டிய வச்சுக்கலாம். வெத நனஞ்சா என்னத்த வைக்கிறது?" என்றார் அந்த வீட்டு அம்மா. அந்த வீட்டில் மிகவும் உலர்ந்த இடம் பூண்டுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. மனிதர்கள் தூங்கிய இடம்கூட அவ்வளவு உலர்ந்ததில்லை.

மழையைத் தேடிப் போகிறவனின் பேச்சு இது என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். எனக்குத் திரும்பி வர வீடு இருக்கிறது, சாவி பையில் இருக்கிறது. ஆனால் தேடிப் போகாதவர்கள் வீட்டுக்கும் மழை வரும். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு சென்னையில் தண்ணீர் கீழ்த்தளத்துக்குள் புகுந்தபோது, பலருக்கும் கையில் எடுக்கக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். ஒருவர் டிவியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார், இன்னொருவர் சான்றிதழ் பையை எடுத்தார். அந்த நிமிடத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது. கையில் பட்டதைத்தான் எடுக்க முடியும். போன சான்றிதழ்களுக்கு நகல் கொடுக்க அரசு பின்னர் தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. அதன் பிறகு என் நண்பர்கள் பலர் வீட்டில் பரண் மேல் ஒரு பை நிரந்தரமாக இருக்கிறது. பத்திரம், குடும்ப அட்டை, மதிப்பெண் பட்டியல், கல்யாண ஆல்பத்திலிருந்து பிரித்தெடுத்த நாலு படம். பையில் என்ன இருக்க வேண்டும் என்பதை வெயில் காலத்தில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

தாளுக்கும் துணிக்கும் செய்வதை மற்றவற்றுக்கும் செய்யலாம். மலையிலிருந்து இறங்கி வந்த பிறகு, வீட்டில் நாங்கள் மூவரும் இதைப் பேசினோம். நம் வீட்டுக்கு மோசமான காலம் வந்தால் எதை மட்டும் நனையவிடக் கூடாது? என் மனைவி, விடியற்காலையில் யாரும் எழுவதற்கு முன் தான் தனியாக உட்கார்ந்து காப்பி குடிக்கும் அரைமணி நேரத்தைச் சொன்னாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் அதற்கு அவளிடம் இவ்வளவு மதிப்பு என்று எனக்குத் தெரியாது. மகள், இரவில் மூவரும் ஒரே அறையில் படுப்பது என்றாள். நான் இரவுச் சாப்பாட்டில் சண்டை கூடாது என்றேன். மூன்றும் மூன்று விதம், ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்க வழியில்லை. மூன்றையும் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அதற்காகக் காலையில் யார் எந்த ஈரத்தை உடுத்துவது என்றும் பேசினோம். பால் வாங்கப் போவதும் மகளைப் பள்ளிக்குக் கிளப்புவதும் இப்போது என் வேலை.

உங்கள் வீட்டிலும் ஒருவரை ஒருவர் கேட்டுப் பாருங்கள். மழை தொடங்குவதற்கு முன்னால் கேளுங்கள்.