முட்டைக்குள் தலை இருந்ததா?

ஞாயிற்றுக்கிழமை சைவ சித்தாந்த வகுப்பில் சற்காரியவாதம் வந்துவிட்டால், பாடம் நடத்தும் ஐயாவுக்குத் தனி உற்சாகம். இல்லாதது தோன்றாது, மண்ணுக்குள் குடம்போல, காரியம் காரணத்துக்குள் சூக்குமமாக முன்பே இருக்கிறது என்பார். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு அந்த இடத்தில் சும்மா இருக்க முடியாது. பழ ஈயின் முட்டைக்குள் தலை எங்கே இருக்கிறது ஐயா என்று கேட்டேன்.

அரை மில்லிமீட்டர் முட்டை. தாயின் சூலகத்தில் 15 செவிலிச் செல்கள் அதற்கு ஊட்டுகின்றன. அவை அனுப்புவதில் பைகாய்டு என்ற மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வும் ஒன்று, அது முட்டையின் முன்முனையில் போய்த் தங்கிவிடுகிறது. முட்டையிட்டபின் அதிலிருந்து உண்டாகும் புரதம் பின்னோக்கிப் பரவுகிறது. முன்னால் அடர்த்தி, போகப்போக நீர்த்துவிடும். உட்கருக்களைப் பிரிக்கும் சவ்வுகள் அப்போது எழும்பியிருக்காது, அதனால் தடையில்லை. ஒவ்வொரு உட்கருவும் தன் இடத்து அடர்த்திக்கு ஏற்ப மரபணுக்களை முடுக்குகிறது.

தாய்க்கு பைகாய்டு பழுதானால் பிள்ளைக்குத் தலையும் மார்பும் கிடையாது. தலை வர வேண்டிய முனையில் வாலின் உறுப்புகள் வந்து நிற்கும். தகப்பன் நல்ல மரபணு கொடுத்திருந்தாலும் பயனில்லை. "தாய் செய்த வினை பிள்ளைக்கா?" என்றார் பின்வரிசை அம்மா ஒருவர். ஈயின்மேல் பாவக்கணக்கு எழுத எனக்கு மனமில்லை.

ஜெர்மனியில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டின் குழு (அவருக்கு 1995இல் நோபல் கிடைத்தது) பைகாய்டு இல்லாத முட்டையின் நடுவில் அந்தத் தூது ஆர்.என்.ஏ.வை ஊசியால் செலுத்திப் பார்த்தது. நடுவிலேயே தலை உருவானது, இருபுறமும் மார்பு.

"அப்போ தலை அந்தத் துளிக்குள்ள இருந்திருக்கு, சார்!" என்றார் ஐயா. இல்லை. அதே பொருள்தான் அடர்ந்த இடத்தில் தலைக்கும் நீர்த்த இடத்தில் மார்புக்கும் வழிவிடுகிறது. தாய்க்கு பைகாய்டு பிரதிகளைக் கூட்டினால் தலைப்பகுதியின் எல்லை பின்னுக்குத் தள்ளிப்போகிறது. ஆகவே தலை துளியிலும் இல்லை, உட்கருவிலும் இல்லை. அளவும் இடமும் கூடும்போது புதிதாக வருகிறது. சற்காரியவாதம் இங்கே தடுமாறுகிறது என்பது என் கட்சி.

ஆனால் மாவு வண்டுக்கு பைகாய்டே கிடையாது, தலை ஒழுங்காகத்தான் இருக்கிறது. இதைச் சொன்னதும் ஐயா பிடித்துக்கொண்டார்: "அப்போ பைகாய்டு வெறும் துணைக்காரணம். குடத்துக்கு மண்போல இருக்கிற முதற்காரணத்தை நீங்க இன்னும் தொடலையே!" நியாயமான அடி. வேறு பூச்சிகள் வேறு மரபணுக்களைக் கொண்டு அதே தலையை அமைக்கின்றன.

செய்பவன் என்கிற நிமித்த காரணத்தில்தான் நாங்கள் ஒத்துப்போகவில்லை. அறிவில்லாதது தானாக ஒன்றைச் செய்யாது, குயவன் வேண்டும் என்பது சித்தாந்தம். இங்கே செவிலிச் செல்லுக்கோ தாய் ஈக்கோ தலை என்றால் என்னவென்று தெரியாது; ஆனாலும் பிசகாமல் முன்முனைக்கே சரக்கு போய்ச் சேர்கிறது. "ஈக்குத் தெரிய வேண்டாம், ஈயை இயக்குறவனுக்குத் தெரிஞ்சா போதும்" என்றார் ஐயா. நானும் திருநீறு பூசுகிறவன்தான். ஆனால் எந்த முட்டையைக் காட்டினாலும் மாறாத பதில் அது. சோதனையில் தோற்கவே முடியாத பதிலை விளக்கம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.