டெஸ்க்டாப் எந்த டிரைவில் இருக்கிறது?

"டேட்டா ஏதும் வேணுமா சார்?"

ஓ.எஸ். போடுவதற்கு முன்னால் சர்வீஸ் கடைகளில் கேட்கும் கேள்வி இது. "எல்லாம் டி-யிலதான் இருக்கு, சி-யை ஃபார்மட் பண்ணிடுங்க" என்று நாமும் தயங்காமல் சொல்லிவிடுவோம். சி போகும், டி நிற்கும் என்று நமக்கு யாரோ சொல்லித் தந்த பாடம் பாதிதான் சரி. தினமும் கண்முன் இருக்கும் டெஸ்க்டாப் வழக்கமாக சி-யில்தான் இருக்கிறது. டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமும் அப்படியே. பிள்ளையின் மதிப்பெண் சான்றிதழை ஸ்கேன் செய்து அவசரத்துக்கு டெஸ்க்டாப்பில் போட்டுவைத்தவர், சி-யை ஃபார்மட் பண்ணச் சொல்லும்போது அதையும் சேர்த்தே அழிக்கச் சொல்கிறார்.

சி டிரைவைத் திறந்து பாருங்கள். 'விண்டோஸ்' என்ற கோப்புறையில் இயங்குதளம் இருக்கிறது. 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' மென்பொருள்களுக்கு. 'யூசர்ஸ்' என்பதற்குள் நம் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். டெஸ்க்டாப் முதலானவை அதற்குள்ளே. கூடவே கண்ணுக்கு மறைத்துவைத்த 'ஆப்டேட்டா'வும் உண்டு. பிரவுசரில் சேர்த்த புக்மார்க்குகள் அங்கேதான் கிடக்கின்றன. விண்டோஸ் கெட்டுப்போனால், கெட்டது பெரும்பாலும் முதல் கோப்புறை. அதற்காக யூசர்ஸை இழக்க வேண்டியதில்லை.

கணினி இன்னும் திறக்கிறது என்றால் வேலை எளிது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே அதைத் திறந்து 'செட்டப்'பை இயக்கினால், கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்ளவா என்று அதுவே கேட்கும். வீட்டை இடிக்காமல் அடித்தளத்தை மட்டும் மாற்றுவது போன்ற வேலை இது. நான் முதலில் முயல்வது எப்போதும் இதைத்தான். செட்டிங்ஸில் உள்ள 'ரீசெட்' அடுத்த படி. 'கீப் மை ஃபைல்ஸ்' என்று தேர்ந்தெடுத்தால் யூசர்ஸில் உள்ள நம் கோப்புகள் நிற்கும், நாம் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும்.

ஒரு சிக்கல் இங்கே உண்டு. சில மென்பொருள்கள் தங்கள் தரவைத் தங்கள் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பழைய டேலி ஈஆர்பி 9 அப்படித்தான்: அதன் கோப்புறைக்குள் 'டேட்டா', அதற்குள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புறைகள். ஒரு கடையின் பல வருடக் கணக்கு அந்த எண்களுக்குள் இருக்கும். டாக்குமென்ட்ஸை மட்டும் காப்பி எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவருக்கு அது தெரியாது. எந்த வழியில் போனாலும், முதலில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அந்தப் பிரதியில் நாலைந்து கோப்புகளை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள்.

கணினி திறக்கவே இல்லையென்றால் பென் டிரைவ்தான். இன்னொரு கணினியில் தயாரித்த நிறுவல் பென் டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். (குறைந்தது 8 ஜிபி வேண்டும், அதில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் அழிந்துவிடும்.) முதல் திரையிலேயே ஷிஃப்ட்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் வரும். அதில் நோட்பேடைத் திறந்து, 'ஓப்பன்' பெட்டியில் எல்லா வகைக் கோப்புகளையும் காட்டச் சொன்னால், பழைய டிரைவுக்குள் போய்க் கோப்புகளை வெளி டிஸ்குக்குக் காப்பி செய்யலாம். டிரைவ் பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவையுங்கள்.

நிறுவலைத் தொடர்ந்தால் அடுத்து வரும் பார்ட்டிஷன் திரையில்தான் அதிகம் பேர் இழக்கிறார்கள். சி, டி என்ற எழுத்துகள் அங்கே இல்லை. 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 3' என்பதுபோல் பெரும்பாலும் எண்ணும் அளவும்தான் தெரியும். நமக்குப் பழக்கமான பெயர்கள் மறைந்துபோன அந்த இடத்தில், நன்றாகத் தெரிந்தவருக்கே கை தடுமாறும். ஆகவே முன்கூட்டியே, கணினி இயங்கும்போதே, டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து ஒவ்வொரு பார்ட்டிஷனின் அளவையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது டிஸ்க் இருந்தால் அதன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பழைய விண்டோஸ் இருந்த பார்ட்டிஷனை அழிக்காமல், ஃபார்மட்டும் செய்யாமல் 'நெக்ஸ்ட்' கொடுத்தால், பழைய விண்டோஸை 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறைக்குள் தள்ளிவிட்டுப் புதியது உட்காரும், இடம் போதுமானால். யூசர்ஸும் அதற்குள்ளேயே இருக்கும். ஆனால் பத்து நாள் போனால் விண்டோஸே அதை அழித்துவிடக்கூடும். முதல் நாளே வேண்டியதை எடுத்துவிட வேண்டும்.

"போனா ரெகவரி பண்ணிக்கலாம்" என்ற தைரியம் ஹார்ட் டிஸ்க் காலத்தது. விரைவு ஃபார்மட் அதில் பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கும், பக்கங்கள் அப்படியே இருக்கும். எஸ்எஸ்டியில் அப்படியில்லை. இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் அதற்கு 'டிரிம்' கட்டளை அனுப்புகிறது. எஸ்எஸ்டி தானாகவே அவற்றைத் துடைத்துவிடுகிறது. பிறகு தேடினால் வெறுமைதான் கிடைக்கும்.

தமிழில் எழுதுபவர்கள் எழுத்துருக்களையும் மறக்கக் கூடாது. அவை வழக்கமாக விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற இடத்தில் இருக்கின்றன, புதிதாக நிறுவியதும் காணாமல் போகின்றன. அப்பா பாமினி எழுத்துருவில் தட்டிவைத்திருந்த குடும்ப வரலாறு, புது விண்டோஸில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திறந்தது. வைரஸ் தின்றுவிட்டது என்றே வீட்டில் நம்பினார்கள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் உள்ளது. எழுத்துரு இல்லாதபோது புள்ளிகள் அப்படித்தான் தெரியும். பழைய சிடி ஒன்றில் பாமினி கிடைத்தது. அதை நிறுவி, கோப்பை மூடித் திறந்தேன். முதல் வரியில் தாத்தாவின் பெயர் இருந்தது.