கிணறு பொது, கயிறு யாருக்கு?



"திறமை இருந்தால் எந்தப் பிள்ளையும் மேலே வந்துவிடும்" என்று சொல்வார்கள். அதற்குச் சான்றாக அறிஞர் அண்ணாவைக் காட்டுவார்கள். அவர் 1909-ல் நம் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். குடும்பக் கஷ்டத்தால் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி, நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்தார். பிறகு படிப்பைத் தொடர்ந்து, 1967-ல் முதலமைச்சரானார். கணித மேதை ராமானுஜனையும் காட்டுவார்கள். அவர் கல்லூரித் தேர்வில் தோற்றவர். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். 1913-ல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது.

இவர்கள் வந்தார்கள், உண்மை. வராமல் போனவர்கள் எத்தனை பேர்?

உடலும் கரையும் வேறு வேறு நிறமாகக் கோர்வைச் சேலை நெய்ய, நெசவாளருக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளை அந்த இடத்தில் உட்கார வைத்த காலம் நம் ஊரில் இருந்தது. பெற்றவர் வாங்கிய முன்பணம் அடையும்வரை பிள்ளை தறியை விட்டு எழ முடியாது. அந்தப் பிள்ளைகளுக்குள் ஒரு ராமானுஜன் இருந்தாரா? அறிய வழியே இல்லாமல் போயிற்று.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளை சுமாராகப் படித்தாலும் கல்லூரிக்குப் போகிறது. ஏழை வீட்டுப் பிள்ளையோ மேதை என்று நிரூபித்த பிறகுதான் நாம் கைகொடுக்க வருகிறோம். ஒருவருக்குச் சாதாரணமாகக் கிடைப்பதை மற்றவர் அதிசயம் செய்து காட்டித்தான் பெற வேண்டுமென்றால், அது தர்மமா?

2020-ல் தமிழக அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. முந்தைய ஆண்டு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள், அந்த ஆண்டு முந்நூறு பேருக்கு மேல் மருத்துவம் படிக்கச் சென்றார்கள். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

"அதிக மதிப்பெண் எடுத்த என் பிள்ளைக்கு இடம் போயிற்றே" என்று ஒரு தாய் கேட்டால் அந்த வருத்தத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் மதிப்பெண்ணில் பிள்ளையின் அறிவு மட்டுமா இருக்கிறது? பயிற்சி மையத்துக்குக் கட்டிய பணமும், தொந்தரவில்லாமல் படிக்கக் கிடைத்த நேரமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. அவை கிடைக்காத பிள்ளையின் மதிப்பெண்ணை அதே தராசில் நிறுப்பது எப்படி நியாயமாகும்?

எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுக்க முத்திரிக் கிணற்றை அய்யா பொதுவாக்கினார். இன்று பள்ளியும் தேர்வும் எல்லாருக்கும் பொதுதான். ஆனால் கயிறு எட்டாதவனுக்குக் கிணறு பொதுவாக இருந்து என்ன பயன்?

சட்டம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகே வருகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகள் நம் கையில் இருக்கின்றன. தறி வேலைக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். மாலையில் படிக்க ஒரு மணி நேரமும் ஒரு விளக்கும் கொடுங்கள். படித்த பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். அது கெட்டிக்காரப் பிள்ளையா என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டியதில்லை. செய்தால்தான் அது தெரியவரும்.

அய்யா உண்டு.