கண்ணும் செவியும் யாருடையவை?

அல்லாஹுத் தஆலா மனிதனுக்கு வாரி வழங்கியுள்ள நிஃமத்துகளில் கண்ணும் செவியும் தலையாயவை. இவற்றை நாம் விலை கொடுத்து வாங்கவில்லை, உழைத்தும் சம்பாதிக்கவில்லை. எனினும் இவை நமக்கே சொந்தம் என்று எண்ணிக்கொண்டு விரும்பியபடியெல்லாம் செலவிடுகிறோம். செவி, பார்வை, இதயம் ஆகிய மூன்றைப் பற்றியும் மனிதன் விசாரிக்கப்படுவான் என்று திருக்குர்ஆனின் பனீ இஸ்ராயீல் அத்தியாயம் 36-ஆம் வசனத்தில் எச்சரிக்கிறது. விசாரணைக்குரிய பொருள் சொந்தப் பொருள் ஆகாது, அது அமானிதம்.

கையிலுள்ள காசுக்குக் கணக்கு வைக்கிறோம். ஆண்டு நிறைந்ததும் ஜகாத்துக்குக் கணக்குப் பார்க்கிறோம். இன்று காலை முதல் இரவு வரை கண் எதில் செலவாயிற்று, செவி எதில் செலவாயிற்று என்று கணக்குப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? சங்கைக்குரிய சகோதரர்களே! கலைகளின் நடுவிலும் நாளுக்கொரு கருவியின் நடுவிலும் வளரும் நம் பிள்ளைகளை முன்னிட்டேனும் இந்தக் கேள்வியைச் சிந்திக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

கலை சூழ்ந்த ஊர்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கே பிறக்கும் பிள்ளை, எந்தச் சமயத்துப் பிள்ளையானாலும், கலைகளின் மத்தியில்தான் கண் விழிக்கிறது. பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயிலும், நெடுங்காலம் சிதைந்து கிடந்து 1990-இல் மீண்டும் முழுமை பெற்ற அதன் கோபுரமும் ஊரார் எல்லோருடைய கண்ணிலும் தினமும் படுகின்றன. குற்றாலத்தில் சுவரெல்லாம் ஓவியம் நிறைந்த சித்திர சபை இருக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி இந்த மலையையும் அருவியையும் பாடிப் பிறந்த நூல். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) குற்றாலத்தில் வாழ்ந்த காலத்தில், தம்மைத் தேடி வந்தவர்களோடு அமர்ந்து ஒரே பாடலை நெடுநேரம் சொல்லிச் சொல்லி அனுபவிப்பார்.

நம் சமுதாயமும் இதில் பின்தங்கியதல்ல. தக்கலையில் அடங்கியிருக்கும் ஞானக் கவி பீர்முகம்மது அப்பா பிறந்த ஊர் தென்காசி. அவர் நெசவுத் தொழில் செய்தவர். அவருடைய ஞானப்புகழ்ச்சியைப் பலர் கூடியிருந்து இரவு முழுவதும் ஓதும் வழக்கம் தக்கலையில் இன்றும் இருக்கிறது. கடையநல்லூர்ப் பக்கத்தில் நம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தறி நெய்தவர்கள். பாவு ஓட்டுவதையும் நாடா ஓடுவதையும் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைக்கு, அழகான ஒரு கரை எத்தனை நேர உழைப்பில் உருவாகிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உருவம் வரைவது குறித்தும் இசைக் கருவிகள் குறித்தும் இமாம்கள் வகுத்த சட்டங்கள் ஃபிக்ஹு கிதாபுகளில் தெளிவாக இருக்கின்றன. அவற்றைக் கூட்டவோ குறைக்கவோ இக்கட்டுரை எழுதப்படவில்லை. மேலே சொன்னவை அனைத்துக்கும் பொதுவாக உள்ள ஒரு தன்மையை மட்டும் கவனியுங்கள். அவற்றை நாடி நாம் போக வேண்டியிருந்தது. நாம் கிடக்கும் இடம் தேடி அவை வரவில்லை. போன இடத்தில் பெரியவர்களும் அண்டை அயலாரும் இருந்தார்கள். பொறுமையாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவற்றுக்கு ஒரு முடிவு இருந்தது. பாட்டு முடிந்தால் வீட்டுக்குத் திரும்பியே ஆக வேண்டும். கண்ணுக்கும் செவிக்கும் உரிய அதபை அந்த இடமே கற்றுக்கொடுத்தது.

தெருவிலிருந்து சட்டைப்பைக்கு

1963-ஆம் ஆண்டில் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் பிலிப்ஸ் கம்பெனி சிறிய கேஸட்டை உலகுக்கு அறிமுகம் செய்தது. அக்காலத்தில் டீக்கடையில் ஒரு ரேடியோ இருந்தால் அது தெருவுக்கே ரேடியோ. பின்னர் வளைகுடா நாடுகளிலிருந்து வந்த சபராளிகள் டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார்கள். நாகூர் இ.எம். ஹனிபாவின் குரலை வீட்டார் அனைவரும் கூடத்தில் அமர்ந்து கேட்டார்கள். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியது. நம் பக்கத்து ஊர்களுக்குத் தொலைக்காட்சி வந்து சேர்ந்த போதும், ஒரு வீட்டுப் பெட்டியின் முன்னால் பத்து வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தக் கருவிகளால் தீமை விளையவில்லை என்று நான் சொல்லவில்லை. அன்றைய ஆலிம்கள் அவற்றைக் கண்டித்துப் பேசியதற்குக் காரணம் இருந்தது. ஆயினும் அக்கருவிகள் நாலு பேர் நடுவில் இருந்தன. தகாத ஒன்று ஒலித்தால் அணைத்துவிடச் சொல்ல வாப்பா இருந்தார். முகம் சுளிக்க உம்மா இருந்தார். ‘ஹயா’ என்னும் நாணத்துக்கு வேலி போலப் பிறர் பார்வை நின்றது.

1979-இல் ஜப்பானின் ஸோனி கம்பெனி வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒருவன் கேட்பது பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காத நிலை அதனால் எளிதாயிற்று. இந்தியாவில் செல்போன் சேவை 1995-இல் தொடங்கிற்று. 2016-க்குப் பிறகு இணையத்தின் விலை அடியோடு குறைந்து, படமும் பாட்டும் பேச்சும் ஏழை எளியவர் கைக்கும் வந்து சேர்ந்தன. அறுபது ஆண்டுகளுக்குள் தெருவுக்குப் பொதுவாக இருந்த பொருள் வீட்டுக்கு உரியதாகி, பின் ஒருவரின் சட்டைப்பைக்கு உரியதாகிவிட்டது.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போனால் இதைக் கண்ணாரக் காணலாம். கண்ணாடித்தாள் உறைக்குள் போனைப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அருவிக்குப் போகிறார்கள். மேலிருந்து கொட்டும் நீரைக் கண் பார்ப்பதற்கு முன் கருவி பார்த்துவிடுகிறது. படைத்தவனின் கைவண்ணத்தின் எதிரில் நிற்கும் போதும் ‘சுப்ஹானல்லாஹ்’ என்று சொல்ல நாவுக்கு அவகாசம் கிடைப்பதில்லை.

ஆகவே இன்றைய கேள்வி, ‘இந்தக் கருவி கூடுமா, கூடாதா?’ என்பது மட்டும் அல்ல. இடமும் ஊராரும் சேர்ந்து காத்துவந்த கண்ணையும் செவியையும், அந்தக் காவல் அகன்றபின் யார் காப்பது என்பதுதான் கேள்வி.

வேலைப்பாடுள்ள போர்வை

இதற்கு விடை தேடிக் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையிடம் போவோம். அபூ ஜஹ்ம் (ரலி) அவர்கள் வேலைப்பாடு நிறைந்த ஒரு போர்வையை அன்பளிப்பாகத் தந்திருந்தார்கள். அதை அணிந்து தொழுத நாயகம் (ஸல்) அவர்களின் பார்வை ஒருமுறை அதன் வேலைப்பாட்டில் பட்டது. தொழுது முடித்ததும், அது தம் கவனத்தைத் தொழுகையிலிருந்து திருப்பியதாகக் கூறி, அதை அபூ ஜஹ்மிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். பதிலுக்கு அவரிடமிருந்த வேலைப்பாடு இல்லாத சாதாரணப் போர்வையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இச்செய்தி உள்ளது.

இதில் நமக்குப் பல பாடங்கள் இருக்கின்றன. அந்தப் போர்வையை ஹராம் என்று அவர்கள் சொல்லவில்லை. நெய்தவரையும் குறை கூறவில்லை. அழகை வெறுக்கவும் இல்லை. நல்ல ஆடையையும் நல்ல காலணியையும் விரும்புவது பெருமையா என்று கேட்கப்பட்ட போது, அல்லாஹ் அழகை விரும்புகிறவன் என்றும், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதும்தான் பெருமை என்றும் விளக்கியவர்கள் அவர்களே அல்லவா? அப்படியிருந்தும், தம் கவனத்தை ஒரு பொருள் தொட்ட அந்தக் கணத்தை அவர்கள் அறிந்துகொண்டார்கள். அறிந்ததும் தாமதிக்காமல் அதை அகற்றினார்கள். கொடுத்தவர் மனம் நோகாதிருக்க வேறொன்றைக் கேட்டும் வாங்கினார்கள்.

பாவத்துக்கு இடமே இல்லாத அந்தப் பரிசுத்தமான இதயத்துக்கு ஒரு துணியின் ஓரத்து வேலைப்பாடு பொருட்படுத்த வேண்டிய செய்தியாக இருந்தது. நாமோ தக்பீர் கட்டும் வரை திரையைப் பார்த்துவிட்டு, ஸலாம் கொடுத்த கையோடு அதை எடுக்கிறோம். இடையில் நின்ற நாலு ரக்அத்திலும் மனம் எங்கே இருந்தது என்பதை அவரவர் கல்பைக் கேட்டுப் பார்க்கட்டும்.

கருவி பகையா?

இதைப் படிப்பவர் சிலர், ‘அப்படியானால் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானே?’ என்று கேட்கலாம். நம் மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதான போது, அதை ஒரே தொகுப்பாக எழுதி வைக்கும்படி உமர் (ரலி) அவர்கள் யோசனை கூறினார்கள். நபி (ஸல்) அவர்கள் செய்யாத ஒன்றை நாம் எப்படிச் செய்வது என்று அபூபக்கர் (ரலி) அவர்கள் முதலில் தயங்கினார்கள். பின்னர் அதன் நன்மையை உணர்ந்து, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் அப்பணியை ஒப்படைத்தார்கள். தயக்கத்திலும் நன்மை இருந்தது. துணிவிலும் நன்மை இருந்தது. தயங்காமல் துணிவதும், துணியாமல் தயங்கியே நிற்பதும் அந்தப் பெரியோர்களின் வழியல்ல.

எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல் ஹுஸரி அவர்களின் முழுக் குர்ஆன் ஓதல் 1961-இல் பதிவு செய்து வெளியிடப்பட்டது. தேர்ந்த காரி ஒருவர் கிடைக்காத சிற்றூர் மத்ரஸாக்களிலும் பிள்ளைகள் அந்தத் திருத்தமான உச்சரிப்பைக் கேட்டுப் பயன் பெற்றார்கள். ஆனால் அந்தப் பதிவு ஓதிக் காட்டும். நாம் ஓதுவதைக் கேட்காது. இன்று நம் ஓதலைக் கேட்டுப் பிழை சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன. அப்படியும், இன்று பையனின் குரல் ஏன் கம்மியிருக்கிறது, வீட்டில் என்ன துன்பம், காலையில் ஏதேனும் சாப்பிட்டானா என்று கண்டுகொள்பவர் எதிரில் அமர்ந்திருக்கும் உஸ்தாத்தான். கருவி உஸ்தாதுக்கு உதவியாளாக இருக்கட்டும். உஸ்தாதின் இடத்தில் அது உட்கார வேண்டாம்.

கூட நின்ற தோள்

அண்மையில் ஒரு தகப்பனார் தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். பையன் ஒன்பதாம் வகுப்பு. போனிலேயே மலை, மரம், அருவி, அரபி எழுத்தின் அழகிய வடிவங்கள் இவற்றை வரைகிறான். ‘இதைப் பிடுங்கி வைக்க ஒரு ஃபத்வா கொடுங்கள், ஹஜ்ரத்’ என்றார் தகப்பனார். அவர் கவலையில் நியாயம் இருந்தது. நான் பையனிடம், ‘ஒரு படம் வரைய எவ்வளவு நேரம் ஆகும்?’ என்று கேட்டேன். ‘ஒரு மணி நேரம்’ என்றான். ‘அடுத்தவர்கள் போட்டதைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது எவ்வளவு நேரம்?’ என்றேன். தலை குனிந்தான். ‘அது தெரியாது, ஹஜ்ரத்’ என்றான்.

வரைவதற்குக் கணக்கு இருக்கிறது. பார்ப்பதற்குக் கணக்கு இல்லை. நோய் இருக்கும் இடம் அதுதான். வரையும் போது அவன் கருவியை ஆளுகிறான். தள்ளித் தள்ளிப் பார்க்கும் போது கருவி அவனை ஆளுகிறது. பிடுங்கி வைத்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். கையிலிருந்து போன பின்னும் மனம் அதையே சுற்றும். பிறகு தகப்பனாரிடம், ‘உங்கள் மகன் வரைந்த படங்களில் ஒன்றையாவது நீங்கள் அவனோடு உட்கார்ந்து பார்த்ததுண்டா?’ என்று கேட்டேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை.

ஒரு பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு ஆடிய போது, அதைக் காண விரும்பிய ஆயிஷா (ரலி) அவர்களைத் தம் மேலாடையால் மறைத்தபடி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உடன் நின்றார்கள். ஆயிஷாவுக்கே போதும் என்று தோன்றும் வரை அவர்கள் நகரவில்லை. விளையாட்டில் நாட்டமுள்ள இளவயதினரின் மனத்தை உணர்ந்து நடந்துகொள்ளுங்கள் என்று அன்னையார் பிற்காலத்தில் இதைச் சொல்லி மக்களுக்கு அறிவுறுத்தினார்கள். அகிலத்துக்கே வழிகாட்ட வந்தவர்களுக்கு அதற்கு நேரம் இருந்தது! நாமோ பிள்ளை தொந்தரவு செய்யாதிருக்கப் போனைக் கொடுத்துவிட்டு விலகிப் போகிறோம். பிறகு அதே போனுக்காக அடிக்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. பாங்கு சொன்னதும் வீட்டிலுள்ள போன்கள் எல்லாம் ஓரிடத்தில் வைக்கப்படட்டும். முதலில் வைப்பது தகப்பனாருடையதாக இருக்கட்டும். சாப்பிடும் விரிப்பில் அவற்றுக்கு இடம் வேண்டாம். பிள்ளை பார்ப்பதில் சிலவற்றையேனும் நாமும் கூட இருந்து பார்ப்போம். நல்லதாயின் நல்லது என்று வாய்விட்டுச் சொல்வோம். எதையும் திறக்கும் முன், ‘இது எதற்காக?’ என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்ளப் பழகுவோம், பழக்குவோம். அதுவே நிய்யத். நிய்யத் உள்ள செயலுக்கு ஒரு தொடக்கம் இருக்கும். ஆகவே முடிவும் இருக்கும்.

அன்று தெருவும் திண்ணையும் செய்துவந்த காவலை இனி நம் உள்ளம்தான் செய்ய வேண்டும். யாரும் பார்க்காத அறையில், யாருக்கும் கேட்காத ஒலியில் இருக்கும் போதும் பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான் என்ற உணர்வைத்தான் நம் முன்னோர்கள் ‘இஹ்ஸான்’ என்று கற்பித்தார்கள். அந்தக் கல்வி முன் எந்தக் காலத்தையும் விட இன்று நம் பிள்ளைகளுக்குத் தேவைப்படுகிறது.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட கண்ணையும் செவியையும் கல்பையும் பழுதின்றித் திருப்பிக் கொடுக்கும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.